ஆட்டம் பிறக்கும் இடம்

நுழையும்முன்

களக்காட்டு வாழைத்தாரும், அம்பாசமுத்திரத்து நெல்லும், பத்தமடைப் பாயும், காருகுறிச்சி மண்பாண்டமும் சந்தையைச் சென்றடையச் சிறு சரக்கு ஊர்திகளே துணை நிற்கின்றன. மக்கள் வழக்கில் ‘லோடு வேன்’ எனப்படும் அவ்வூர்திகளுள் பல, பத்து ஆண்டுகளைக் கடந்தும் நாள்தோறும் உழைப்பவை. அத்தகைய பழைய ஊர்தியின் திசைமாற்றி உறுப்புகள் தேயும்போது அத்தேய்மானத்தை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு சீர்செய்வது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தேரும் வேனும்

ஆனித் திங்களில் நெல்லையப்பர் கோவில் தேர் ரத வீதிகளில் வலம் வரும். தமிழ்நாட்டின் பெரிய தேர்களுள் ஒன்றான அதனைத் தெருமுனையில் திருப்புவது எளிய செயலன்று. சக்கரங்களை இடமோ வலமோ திருப்பும் பொறி எதுவும் தேரில் இல்லை. சக்கரத்தின் அடியில் கட்டையை இட்டு ஒரு பக்கத்தைத் தடுத்து, மறுபக்கம் முன்னேறுமாறு வடம் இழுக்கச் செய்து, சிறிது சிறிதாகத்தான் தேரை வளைப்பர். ‘முட்டுக்கட்டை’ என்னும் சொல் இன்றைய எழுத்துவழக்கில் தடை என்ற பொருளையே தருகிறது. தேரோட்டத்திலோ அதுவே வழிகாட்டி. கட்டை இடுபவரின் கண்ணும் கையும் ஒரு கணம் பிசகினாலும் தேர் வீட்டுச் சுவரை நோக்கிப் போய்விடும்.

லோடு வேனில் அத்தனை மனிதரின் வேலையை ஓர் ஓட்டுநரின் இரண்டு கைகள் செய்கின்றன. ஒன்றோடொன்று கோத்த இரும்புத் தண்டுகளின் வழியாக அக்கைகளின் அசைவு சக்கரத்தை அடைகிறது. தண்டு உறுதியானது; தேய்வது பெரும்பாலும் கோத்த இடம். ஆகவே பழுது பார்ப்பவர் தேட வேண்டுவது அக்கோவைகளுள் எது தளர்ந்தது என்பதையே.

கையிலிருந்து சக்கரம் வரை

பழைய சரக்கு ஊர்திகள் பலவற்றில் இரு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு தாங்குகிறது. அவ்வச்சு இருபுறமும் ஸ்பிரிங் பட்டைகளின்மீது அமர்ந்திருக்கும். இவ்வகை அமைப்பையே இங்குக் காண்போம். உறுப்புகளின் பெயர்கள் பட்டறைகளில் எவ்வாறு வழங்குகின்றனவோ அவ்வாறே இங்கும் ஆளப்பெறுகின்றன. நூலில் ஒரு பெயரும் பட்டறையில் வேறொரு பெயருமாகக் கற்பவர், பட்டறை வாசலில் திகைத்து நிற்க நேரும்.

ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அதனோடு இணைந்த தண்டு சுழல்கிறது. அத்தண்டு ஸ்டீயரிங் பாக்ஸ் என்னும் பெட்டிக்குள் செல்கிறது. பெட்டிக்குள் திருகுமரை வெட்டிய தண்டொன்றும், அதன்மேல் நகரும் நட்டு ஒன்றும் உள்ளன. இரண்டிற்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. அக்குண்டுகள் மரையின் வழியே உருண்டு, ஒரு குழாய் வழியாகத் திரும்பி வந்து, மீண்டும் உருள்கின்றன. உராய்வு குறைவதால் பளு ஏற்றிய சக்கரத்தையும் கையால் திருப்ப முடிகிறது. ஸ்டீயரிங் ஏறத்தாழ இருபது பாகை சுழன்றால்தான் சாலையில் உள்ள சக்கரம் ஒரு பாகை திரும்பும். வேகத்தை இழந்து வலிமையைப் பெறும் பேரம் இது.

பெட்டியின் அடியிலிருந்து டிராப் ஆர்ம் என்னும் இரும்புக் கை தொங்குகிறது. அது அசையும்போது டிராக் லிங்க் என்னும் தண்டு ஒரு பக்கச் சக்கரத்தைத் திருப்புகிறது. அச்சக்கரத்தின் திருப்பத்தை மறுபக்கச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்வது டை ராடு. தண்டுகளின் முனைதோறும் பால் ஜாயின்ட் உண்டு. உருண்டைத் தலையொன்று கிண்ணத்துள் அமர்ந்து எப்பக்கமும் சாயக்கூடியது அது. நம் தோள்மூட்டு எலும்பின் அமைப்பை ஒத்தது. அச்சின் இரு முனைகளிலும் சக்கரம் திரும்புவதற்குக் கதவின் கீல்போல் நிற்கும் தடித்த எஃகு முளை கிங் பின். அது மேலும் கீழும் புஷ் எனப்படும் உலோக வளையங்களுக்குள் அமைந்திருக்கும்.

தெரியுமா?

வளைவில் செல்லும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உருள்கின்றன. எனவே உட்புறச் சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்ப வேண்டும். இதற்குரிய இணைப்பு முறையை ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டி கட்டும் தொழில் செய்த ஜார்ஜ் லாங்கன்ஸ்பெர்கர் வகுத்தார். 1818ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். இன்று உலகம் அதை ஆக்கர்மன் முறை என்றே அழைக்கிறது. குதிரை வண்டிக்காகப் பிறந்த அம்முறை இன்றைய லோடு வேனிலும் வாழ்கிறது.

தேய்மானம் பேசும் மொழி

தேய்மானம் திடீரென வருவதன்று. பளு ஏற்றிய வேனை நின்ற நிலையிலேயே திருப்பும்போது பால் ஜாயின்ட் ஒவ்வொன்றும் பெரும் விசையைத் தாங்குகிறது. குறுகிய வாய்க்கால் பாலத்தின் மேலேறி வயல்வரப்பை ஒட்டி வண்டியைத் திருப்புவது, கன்னடியன் கால்வாய் பாயும் ஊர்களில் அன்றாட நிகழ்ச்சி. சாலைக்குழியில் சக்கரம் விழும் ஒவ்வொரு முறையும் கிங் பின் அதிர்கிறது. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங் பாக்ஸ் முழு எல்லைவரை இடமும் வலமும் உழைக்கிறது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பகை நீரும் மண்ணும். பால் ஜாயின்ட்டுக்குள் உள்ள கிரீஸைக் காப்பது ஒரு சிறு ரப்பர் உறை. அது கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். புழுதி உள்ளே நுழையும். புழுதி கலந்த கிரீஸ் உயவுப்பொருளாக இராமல் அரம்போல் அறுக்கத் தொடங்கும். 2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது, தாமிரபரணியில் பெருவெள்ளம் ஓடியது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய ஊர்தியின் எந்திரம் உடனே பழுதாகும். அதை உடனே கவனிப்பர். உறைகளுக்குள் புகுந்த நீரோ ஓசையின்றி இருக்கும். கிரீஸைப் பால்போல் வெளுக்கச் செய்து, எஃகில் துருவை உண்டாக்கி, திங்கள் பல கழித்தே தன் வேலையைக் காட்டும்.

தேய்ந்த உறுப்புகள் ஓட்டுநரிடம் பலவாறு பேசுகின்றன. நேர்ச்சாலையிலும் வண்டியை ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்ட நேர்வது ஒன்று. குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் படபடவென நடுங்குவது மற்றொன்று. வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நடுநிலைக்குத் திரும்பாமை, மேடுபள்ளத்தில் ‘டொக்’ எனும் ஓசை, ஒரு பக்கமாக இழுத்தல், டயரின் ஓரம் மட்டும் தேய்தல் ஆகியனவும் உண்டு. ஆனால் ஓர் அறிகுறிக்கு ஓர் உறுப்பு என வாய்பாடு போட இயலாது. ஓட்டுநரின் கை உணர்வது எல்லாத் தேய்மானங்களின் கூட்டுத்தொகையை. ஐந்து மூட்டுகளில் சிறிது சிறிதாகத் தேய்ந்திருந்தாலும் ஒரே மூட்டு முழுமையாகத் தேய்ந்திருந்தாலும் கைக்கு ஒன்றுபோலவே தோன்றும். முதலாவது தேய்மானம் காலப்போக்கில் வளரும். இரண்டாவது நாளையே கழன்று விழக்கூடும். இவ்வேறுபாட்டைக் கை கண்டுபிடிக்காது. வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 98ஆம் விதி இதுபற்றிப் பேசுகிறது. ஸ்டீயரிங்கில் சக்கரத்தைத் திருப்பாத வீண் அசைவு 30 பாகையை மீறலாகாது. பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் உறை இருத்தல் வேண்டும். இணைக்கும் போல்ட்டுகளும் பின்களும் கழலாதவாறு பூட்டப்பட்டிருத்தல் வேண்டும் என்கிறது அவ்விதி. 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் 30 பாகை என்பது ஏறத்தாழ பத்தரை செ.மீ. இது சட்டம் பொறுத்துக்கொள்ளும் கடைசி எல்லை. நல்ல நிலையின் அளவன்று. இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் சக்கரங்களில் அது ஒன்றரைப் பாகையாகும். நடுநிலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் முக்கால் பாகை. அச்சுகளுக்கிடையே மூன்று மீட்டர் நீளமுள்ள வேன் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்கையில், முன்சக்கரங்கள் முக்கால் பாகை விலகியே நிற்குமானால், ஒரே நொடியில் வண்டி அரை மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். பேட்டையிலிருந்து பாபநாசம் வரையான சாலையில் எதிரே பேருந்து வரும்போது அந்த அரை மீட்டரின் பொருள் என்ன என்பதை அச்சாலையில் சென்றவர் அறிவர்.

இருவர் செய்யும் சோதனை

இச்சோதனைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. இரண்டு மனிதர் வேண்டும். வண்டி சமதரையில், சக்கரங்கள் நேராக, தரையிலேயே நிற்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியாயின் எந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கை பிரேக்கை இழுத்துப் பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்தபின், ஒருவர் இருக்கையில் அமர்ந்து ஸ்டீயரிங்கைச் சிறிதளவு இடமும் வலமுமாக விட்டுவிட்டு அசைப்பார். மற்றவர் அடியில் படுத்து, ஒவ்வொரு மூட்டின்மீதும் விரல்களை வைத்து, மேலிருந்து கீழாக வரிசையாகத் தடவி வருவார்.

விரல் தேட வேண்டுவது ஒன்றே: மூட்டின் ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாத இடம். தண்டு சுழல்கிறது, டிராப் ஆர்ம் அசையவில்லை எனில் குறை பெட்டிக்குள் உள்ளது. டிராப் ஆர்ம் அசைகிறது, டிராக் லிங்க் தாமதித்து அசைகிறது எனில் இடைப்பட்ட பால் ஜாயின்ட் தேய்ந்தது. ஒரு சக்கரம் உடனே அசைந்து மறுசக்கரம் பின்னர் அசைந்தால் டை ராடு முனைகளுள் ஒன்றில் குறை. ஒரு மூட்டில் குறை கண்டதும் சோதனையை நிறுத்திவிடலாகாது. இறுதிவரை சென்ற பின்னரே எது பெரிது, எது சிறிது என்பது விளங்கும். பெட்டியே வண்டியின் சட்டத்திலிருந்து தளர்ந்து அசைகிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும். பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

வண்டியை ஜாக்கியால் தூக்கி வைத்து இச்சோதனையைச் செய்பவரும் உளர். அது பயன் தராது. சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் தரை அதைப் பிடித்துக்கொண்டு திரும்பவிடாமல் எதிர்க்கிறது. அவ்வெதிர்ப்பினால்தான் தளர்ந்த மூட்டு தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. தூக்கிய சக்கரம் எதிர்ப்பின்றி உடன் திரும்பிவிடுவதால் ஆட்டம் மறைந்துகொள்கிறது.

ஜாக்கியின் வேலை அடுத்த கட்டத்தில் வருகிறது. அச்சின் கீழ் உறுதியான தாங்கியை வைத்த பின்னரே கையை உள்ளே நீட்ட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்வது உயிருக்கு உலை வைப்பதாகும். தரையை விட்டு எழும்பிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளே தள்ளி வெளியே இழுக்கும்போது ஆட்டம் தெரிந்தால், அது கிங் பின்னின் தேய்மானமாகவோ சக்கர பேரிங்கின் தளர்ச்சியாகவோ இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. உதவியாளர் பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். பிரேக் சக்கரத்தை அதன் தாங்குறுப்போடு இறுக்கிப் பிடிப்பதால் பேரிங்கின் ஆட்டம் மறையும். பிரேக்கை மிதித்தும் ஆட்டம் நீடித்தால் குறை கிங் பின்னில். மருத்துவர் ஒருவர் வலியின் இடத்தை அழுத்திப் பார்த்துப் பிரித்தறிவதை இது நினைவூட்டும்.

ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டுகளும், பட்டைகளின் நடுவே செல்லும் சென்டர் போல்ட்டும் உறுதியாக உள்ளனவா என்று காண்பதும் இன்றியமையாதது. சென்டர் போல்ட் ஒடிந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னே நகர்ந்துவிடும். அப்போது ஸ்டீயரிங் இணைப்புகள் அனைத்தும் புதியனவாயினும் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும்.

சீர்செய்தல்

ஆட்டம் மிகுந்த வண்டி பட்டறைக்கு வந்ததும் ஸ்டீயரிங் பாக்ஸின் மேலுள்ள திருகை இறுக்கிக் கொடுத்துவிடுவது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. சில நொடிகளில் ஆட்டம் குறைந்ததாகத் தோன்றும். ஓட்டுநரும் மகிழ்ந்து செல்வார். இதைவிடத் தீங்கான ‘பழுதுபார்ப்பு’ வேறில்லை. தேய்ந்த பால் ஜாயின்ட் தேய்ந்தபடியே இருக்கிறது. அதைப் பற்றி எச்சரித்துக்கொண்டிருந்த அறிகுறி மட்டும் அடங்கிவிட்டது. பெட்டிக்கும் கேடு விளைகிறது. ஊர்தி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பெட்டியின் உட்பற்கள் நடுப்பகுதியில் மிகுதியாகத் தேய்ந்தும், ஓரங்களில் தேயாமலும் இருக்கும். நடுப்பகுதிக்கு ஏற்றவாறு இறுக்கினால் ஓரங்களில் பற்கள் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் மீளாமல் நின்றுவிடக்கூடும். எனவே பிற மூட்டுகள் யாவும் செம்மையான பின்னரே, சக்கரங்கள் நேராக நிற்கையில், திருகைச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் ஸ்டீயரிங்கை இரு எல்லைவரை திருப்பி, எங்கும் பிடிப்பு இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். அவ்வாறு செய்தும் ஆட்டம் அடங்காத பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும்.

டை ராடு முனையை மாற்றுவது, பொறுமை உள்ளவருக்குக் கடினமன்று. ஸ்பிளிட் பின்னை உருவி நட்டைக் கழற்றினாலும் கூம்பு வடிவத் தண்டு தன் துளையில் இறுகப் பற்றியே நிற்கும். மரையின்மீது சுத்தியலால் அடிப்பது தவறு. துளையுள்ள கையின் ஒரு பக்கத்தில் கனத்த இரும்பைத் தாங்கி, மறுபக்கத்தில் ஓங்கித் தட்டினால் துளை நொடிப்பொழுது நெகிழ்ந்து தண்டு விடுபடும். பழைய முனையைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளிவந்தது என எண்ணிக்கொள்வது நல்லது. புதியதை அதே சுற்றுகள் ஏற்றினால் அளவு பெரிதும் மாறாது. டை ராட்டின் ஒரு முனை வலமரையும் மறுமுனை இடமரையும் உடையது என்பதை நினைவில் வைக்காதவர், கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டிருப்பார்.

புதிய முனையின் நட்டை உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு இறுக்கிய பின், ஸ்பிளிட் பின்னுக்குரிய துளையும் நட்டின் காடியும் நேராக அமையாமற்போகலாம். அப்போது நட்டைத் தளர்த்தித் துளையைக் கண்டுபிடிக்கலாகாது. மேலும் சற்று இறுக்கி அடுத்த காடிக்குக் கொண்டுவர வேண்டும். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்துவது கஞ்சத்தனத்தின் கடைநிலை. ஒரு தேநீரின் விலைகூடப் பெறாத அக்கம்பித் துண்டுதான் நட்டு கழலாமல் காக்கிறது. தேய்ந்த கிண்ணத்துள் தகடு வைத்து அடைப்பதும், தண்டுகளைப் பற்றவைத்து ஒட்டுப்போடுவதும் அறவே விலக்கத்தக்கவை. வெப்பம் பட்ட எஃகு தன் வலிமையை எங்கே இழந்தது என்பதைக் கண்ணால் காண இயலாது.

கிங் பின் வேலை பெரிது. முளையை அடித்து வெளியேற்றி, பழைய புஷ்களை நீக்கி, புதியவற்றை அழுத்திப் பொருத்தி, முளை ஆட்டமின்றியும் இறுக்கமின்றியும் திரும்பும் அளவுக்கு உட்துளையைக் கடைந்து சீராக்க வேண்டும். இப்பணியை லேத் பட்டறையில் கொடுத்துச் செய்விப்பதே முறை. புஷ்ஷில் உள்ள கிரீஸ் துளை, வெளியே உள்ள நிப்பிளின் துளையோடு நேர்ப்பட வேண்டும். நேர்ப்படாவிடில் எத்தனை முறை கிரீஸ் அடித்தாலும் உள்ளே செல்லாது. அடுத்த ஆண்டே அதே வேலை திரும்ப வரும்.

இணைப்புகள் மாறியபின் இரு சக்கரங்களின் நேர்மையை அளந்து பார்க்க வேண்டும். பின்சக்கரங்களால் தள்ளப்படும் ஊர்தியில் முன்சக்கரங்கள் ஓடும்போது வெளிநோக்கி விரிய முயலும். ஆதலால் நிற்கும்போது அவற்றின் முன்விளிம்புகள் மிகச் சிறிதளவு உள்நோக்கி இருக்குமாறு அமைப்பர். அவ்வளவு சில மில்லிமீட்டர் அளவினதே. ஊர்திக்கு ஊர்தி வேறுபடும். அளப்பதற்கு அலைன்மென்ட் எந்திரம் உண்டு. அது இல்லாத ஊரிலும் வழி உண்டு. இரு டயர்களின் முன்புறத்திலும் அச்சின் உயரத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு இடைத்தொலைவை அளக்க வேண்டும். பின் வண்டியை அரைச் சுற்று முன்னே உருட்டினால் அதே குறிகள் பின்புறம் வந்து நிற்கும். மீண்டும் அளந்தால் இரண்டின் வேறுபாடே தேவையான அளவு. அதே குறிகளைக் கொண்டு அளப்பதால் டயரின் நெளிவு கணக்கில் பிழையை ஏற்படுத்தாது. டை ராட்டின் பூட்டுநட்டுகளைத் தளர்த்தித் தண்டை மட்டும் சுழற்றினால், இடமரையும் வலமரையும் ஒருசேர நீண்டோ குறுகியோ அளவைத் திருத்திக் கொடுக்கும். அளவு பிசகியதைப் பின்னாளில் டயரே சொல்லும். அதன் மேற்பரப்பைக் குறுக்காகத் தடவினால் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் கூராகவும் கைக்குத் தட்டுப்படும்.

இறுதியாக ஓட்டிப் பார்த்தல். பளுவின்றி, நெரிசலற்ற நேர்ச்சாலையில், குறைந்த வேகத்தில் முதலில் ஓட்டிப் பிரேக்கையும் திருப்பத்தையும் சரிபார்ப்பர். பின் வளைவொன்றில் திருப்பி ஸ்டீயரிங்கின் பிடியைத் தளர்த்தினால் அது தானாக நடுநிலையை நோக்கி வர வேண்டும். மிதிவண்டியின் முன்கவை சற்றுச் சாய்ந்திருப்பதுபோல் கிங் பின்னும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதே இதற்குக் காரணம். வண்டி பட்டறைக்குத் திரும்பியதும் மீண்டும் ஒருமுறை அடியில் படுத்து, மாற்றிய ஒவ்வொரு நட்டையும் ஸ்பிளிட் பின்னையும் கையால் தொட்டுப் பார்த்து, நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தலைகாட்டும்வரை அடிப்பர். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு ஊர்தி ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று பெற வேண்டும். ஆனால் கிரீஸ் ஓராண்டு காத்திருக்காது. ஆற்றையும் வாய்க்காலையும் ஒட்டி நீரிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்குக் கார்கால மழை ஓய்ந்ததும் ரப்பர் உறைகளைப் பார்த்து, கிழிந்தவற்றை மாற்றி, கிரீஸ் அடித்த பின்னரே அறுவடைப் பளுவை ஏற்றுவர், தொழில் அறிந்த ஓட்டுநர்கள்.